டிக்கெட் 2,000, பிளாக்கில் 9,000: இதில் யாரைத் திட்டுவது?

பெரம்பூர்க்காரன் (இழையைத் தொடங்கியவர்)

நேற்று நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் விவாதத்துக்கு வருவோம்.

சென்னையில் ஒரு பெரிய இசை நிகழ்ச்சி. யாருடையது, எந்தத் தளத்தில் விற்றார்கள் என்பதெல்லாம் வேண்டாம். பெயர் போட்டு எழுதியதால் போன மாதம் இரண்டு இழைகளை நெறியாளர் பூட்டினார். காலை 11 மணிக்கு விற்பனை. 10.40-க்கே போய் உட்கார்ந்துவிட்டோம். நான் போனில், மனைவி லேப்டாப்பில், மச்சான் அவன் ஆபீஸ் கழிவறையில் நின்றபடி அவன் போனில். வரிசை திறந்ததும் எனக்குக் கிடைத்த எண் 61 ஆயிரத்துச் சொச்சம். 11.26-க்கு எல்லாம் விற்றுத் தீர்ந்தது என்று வந்துவிட்டது.

நமக்கு யோகம் இல்லை என்று விட்டிருப்பேன். ஆனால் 11.45-க்கு எங்கள் அபார்ட்மென்ட் வாட்ஸப் குழுவில் ஒருவர் எழுதுகிறார்: "6 டிக்கெட் கைவசம். 2,000 ரூபாய் டிக்கெட், 9,000-க்குத் தருகிறேன். பேரம் கிடையாது." ஒரு ஆளுக்கு நாலுதான் என்பது விதி. இவரிடம் ஆறு எப்படி வந்தது?

வயிற்றெரிச்சல்தான், மறைக்கவில்லை. ஆனாலும் கேட்கிறேன். யாரைத் திட்டுவது? அந்த வாட்ஸப் ஆளையா, விற்ற தளத்தையா, நிகழ்ச்சி நடத்துகிறவரையா, 9,000 கொடுத்து வாங்கப்போகிறவரையா?

சும்மா ஒருத்தன்

மச்சானைத் திட்டுங்கள். கழிவறையில் எந்த ஆபீசிலும் சிக்னல் எடுக்காது.

கணக்குப்பிள்ளை

யாரையும் திட்ட வேண்டாம். 9,000 கொடுக்க ஆள் இருக்கும் பொருளை 2,000-க்கு விற்றால், நடுவில் 7,000 ரூபாயைத் தெருவில் போட்டுவிட்டுப் போகிறார்கள். தெருவில் கிடக்கும் காசை எவனாவது எடுக்கத்தான் செய்வான்.

பிரிட்டிஷ் இசைக்குழு கோல்ட்பிளே வந்த கதை எல்லோருக்கும் நினைவிருக்கும். 2025 ஜனவரியில் நவி மும்பையில் நிகழ்ச்சி, 2024 செப்டம்பர் 22-இல் விற்பனை. டிக்கெட் 2,500-இல் தொடங்கி 35,000 வரை. டிக்கெட் விற்ற தளமான புக்மைஷோ சொன்ன கணக்குப்படி 1.3 கோடிப் பேர் உள்ளே வந்தார்கள். டி.ஒய். பாட்டீல் மைதானத்தில் மூன்று நாளும் சேர்த்தாலே இரண்டு லட்சம் இருக்கை தேறாது. அறுபது எழுபது பேருக்கு ஒரு டிக்கெட். அன்று சாயங்காலமே மறுவிற்பனைத் தளங்களில் லட்சக்கணக்கில் விலை போட்டார்கள். இதில் பிளாக்கில் விற்கிறவன் புதிதாக ஒன்றும் செய்யவில்லை. இருக்கிற தட்டுப்பாட்டைக் காசாக்குகிறான், அவ்வளவுதான்.

சரியான வழி, முதல் விற்பனையிலேயே விலையைக் கூட்டுவது. அந்த 7,000 பாடுகிறவருக்கும் வாத்தியக்காரர்களுக்கும் ஒலி ஒளிக்காரர்களுக்கும் போகட்டும். மேடை ஏறி வியர்வை சிந்தாதவன் பைக்கு ஏன் போக வேண்டும்?

சேப்பாக்கம் டி ஸ்டாண்ட்

கணக்குப்பிள்ளை அண்ணே, கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நீங்கள் சொல்கிறபடி செய்தால் என்னை மாதிரி ஆள் வாழ்நாளில் உள்ளே போக முடியாது.

என் பெயரைப் பார்த்தாலே தெரியும், நான் கிரிக்கெட் ஆள். 2023 ஐபிஎல்லுக்கு சேப்பாக்கத்தில் கவுன்டரில் டிக்கெட் கொடுத்தார்கள். குறைந்த விலை 1,500. முந்தின நாள் ராத்திரி சாப்பிட்டுவிட்டு, போர்வையும் தண்ணீர் பாட்டிலுமாகப் போய்ப் படுத்தோம். வாலாஜா சாலைப் பக்கம் விடிய விடியத் திருவிழா. எனக்கு முன்னால் ஒரு கல்லூரிக் கும்பல், பின்னால் திருவள்ளூரிலிருந்து வந்த ஒரு மாமா. யார் எந்த இடம் என்று நாங்களே ஒரு நோட்டில் பேர் எழுதி வைத்துக்கொண்டோம். விடியற்காலையில் டீ வந்தது. காலையில் டிக்கெட் கிடைத்தபோது அந்த மாமா அழுதேவிட்டார்.

அதற்காக அந்த வரிசையைக் கோயில் ஆக்க வேண்டாம். நாளுக்கு இவ்வளவு என்று கூலி பேசி நிறுத்தப்பட்டவர்களும் அதில் இருந்தார்கள். டிக்கெட் வாங்கி, பெல்ஸ் ரோடு முனையில் நிற்கும் ஒருவரிடம் கொடுத்துவிட்டு நேராக வீட்டுக்குப் போனார்கள். யார் ஆடுகிறார்கள் என்றுகூட அவர்கள் கேட்கவில்லை.

2024-இலிருந்து கவுன்டர் இல்லை, எல்லாம் ஆன்லைன். அந்த வருடம் குறைந்த விலை 1,700. வரிசை ஒழிந்தது, பிளாக் ஒழியவில்லை. ஒவ்வொரு சீசனும் மைதானத்தைச் சுற்றி போலீஸ் ஆள் பிடிக்கிறார்கள், பேப்பரில் செய்தி வருகிறது, அடுத்த மேட்சுக்கு வேறு ஆள். வரிசையில் என்னிடம் இருந்த ஒரே சொத்து நேரம். இப்போது நேரத்துக்கும் மதிப்பில்லை.

கணக்குப்பிள்ளை

சேப்பாக்கம் டி ஸ்டாண்ட் எழுதியது: "என்னிடம் இருந்த ஒரே சொத்து நேரம்"

நல்ல வரி. ஆனால் நேரமும் ஒரு விலைதான் தம்பி. தினக்கூலிக்குப் போகிறவர் ஒரு ராத்திரியும் ஒரு பகலும் வரிசையில் நின்றால் அவருக்கு இரண்டு நாள் சம்பளம் போகிறது. மாணவனுக்கு ஒன்றும் போகாது. பணத்தில் விலை வைத்தால் பணக்காரனுக்கு லாபம், நேரத்தில் வைத்தால் வேலை இல்லாதவனுக்கு லாபம். ஆன்லைன் வரிசையில் நல்ல இணையம் உள்ளவனுக்கு லாபம். எந்த முறை வைத்தாலும் யாரோ ஒருவன் வெளியேதான் நிற்பான்.

தட்கல் தவசி

ஆன்லைன் வரிசையில் நல்ல இணையம் உள்ளவனுக்குக்கூட லாபம் இல்லை சார். தானாகவே டிக்கெட் வாங்கித் தள்ளும் மென்பொருளுக்குத்தான் லாபம். நியூயார்க் மாநிலத்தின் அட்டர்னி ஜெனரல் 2016-இல் ஒரு விசாரணை அறிக்கை வெளியிட்டார். யூ2 குழுவின் நிகழ்ச்சி ஒன்றுக்கு ஒரே ஒரு தரகர் ஒரே நிமிடத்தில் 1,012 டிக்கெட் வாங்கியிருந்தார். ஆளுக்கு நாலு என்று அங்கேயும் விதி இருந்தது. அதே வருடம் இந்த மாதிரி மென்பொருளைத் தடைசெய்து அமெரிக்காவில் சட்டம் போட்டார்கள். அப்புறம் 2022 நவம்பரில் பாடகி டெய்லர் ஸ்விஃப்ட்டின் டிக்கெட் விற்பனையில் டிக்கெட்மாஸ்டர் என்ற விற்பனைத் தளம் திணறியது. தங்கள் தளத்துக்கு 350 கோடிக் கோரிக்கைகள் வந்தன, அதில் மென்பொருள் தாக்குதலும் உண்டு என்று அவர்களே சொன்னார்கள். சட்டம் வந்து ஆறு வருடம் கழித்து இது.

நம் ஊரில் இதை அனுபவித்து உணர்ந்தவர்கள் தட்கல் எடுப்பவர்கள். 10 மணி அடித்து இரண்டு நிமிடத்தில் வெயிட்டிங் லிஸ்ட். ஆனால் ரயில்வேயிடம் ஒரு ஆயுதம் இருக்கிறது. அனுமதி இல்லாமல் டிக்கெட் வாங்கி விற்கும் தொழில் செய்தால் ரயில்வே சட்டத்தின் 143-ஆம் பிரிவில் மூன்று வருடம் வரை சிறை. 2025 ஜூலையிலிருந்து ஆன்லைன் தட்கலுக்கு ஆதார் சரிபார்ப்பு, முதல் அரை மணி நேரம் ஏஜென்ட்டுகளுக்குக் கதவு அடைப்பு. கச்சேரி டிக்கெட்டுக்கு இப்படி நாடு முழுக்கப் பொருந்தும் தனிச் சட்டம் கிடையாது. கோல்ட்பிளே விவகாரத்தை வைத்து மும்பை உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்குப் போட்டார்கள். சட்டம் இயற்றுவது எங்கள் வேலை இல்லை என்று 2025 ஜனவரியில் தள்ளுபடி செய்துவிட்டது.

எனவே அந்த வாட்ஸப் ஆளைத் திட்டலாம், ஆனால் அவர் மேல் புகார் கொடுக்கப் போனால் எஸ்ஐ உங்களை உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவார்.

சும்மா ஒருத்தன்

பழைய ஆட்கள் யாராவது இருக்கிறீர்களா? எங்கள் தெருவில் ஒரு அண்ணன் இருந்தார். தியேட்டர் வாசலில் "பத்து அம்பது, பத்து அம்பது" என்று உதடு அசையாமல் சொல்லிக்கொண்டே நம்மைத் தாண்டிப் போவார். பத்து ரூபாய் டிக்கெட் ஐம்பது. கட்டம் போட்ட சட்டை, கையில் மடித்து வைத்த டிக்கெட் கத்தை. படம் பிடிக்கவில்லை என்றால் இரண்டாம் நாளே ஏழு ரூபாய்க்குக் கொடுத்துவிட்டுத் தலையில் கைவைத்து உட்காருவார். அந்த அண்ணனிடம் ஒரு நேர்மை இருந்தது. நஷ்டமும் அவருடையது.

இன்றைக்கு ஆன்லைனில் விற்கிறவனுக்கு நஷ்டமே கிடையாது போல.

மார்கழி மாமி

நான் இந்த மாதிரி பெரிய மைதான நிகழ்ச்சிகளுக்குப் போகிறவள் இல்லை. கர்நாடக சங்கீத சபா வட்டாரம் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன். இங்கேயும் இதே நோய்தான், வேறு ரூபத்தில்.

டிசம்பர் சீசனில் மியூசிக் அகாடமி போன்ற இடங்களில் மத்தியானக் கச்சேரிகளுக்கு டிக்கெட்டே கிடையாது, யார் வேண்டுமானாலும் போய் உட்காரலாம். சாயங்காலப் பெரிய கச்சேரிகளுக்குத்தான் டிக்கெட். இதில் வேடிக்கை என்ன தெரியுமா? கச்சேரி, நாட்டியம், நாடகம் போன்றவற்றுக்கு ஒரு ஆளுக்கு 500 ரூபாய் வரை ஜிஎஸ்டி கிடையாது, அதைத் தாண்டினால் 18 சதவீதம். அதனால் 500 ரூபாயைத் தாண்ட யோசிப்பவர்கள் உண்டு.

விலை குறைவுதான், ஆனால் டிக்கெட் எங்கே? சில வருடங்களுக்கு முன்னால் ஒரு சபாவில் (பெயர் வேண்டாம்) காலை ஆறு மணிக்கே போய் நின்றேன். எனக்கு முன்னால் பதினெட்டுப் பேர். கவுன்டர் திறந்து பத்தாவது ஆளோடு தீர்ந்துவிட்டது என்றார்கள். சரி என்று திரும்பிவிட்டேன். ஒரு தோழி அவளுடைய உறுப்பினர் சீட்டைக் கொடுத்ததால் சாயங்காலம் உள்ளே போனேன். முன் இரண்டு வரிசை சோஃபா. வெள்ளைத் துணி போர்த்தி, "ஒதுக்கப்பட்டது" என்று அட்டை வைத்திருக்கிறார்கள். ராகம் தானம் பல்லவி முடிந்து தனியாவர்த்தனமும் முடிந்தது. அந்த சோஃபாவில் மொத்தம் நாலு பேர். அதில் ஒருவர் தூங்குகிறார். வெளியே கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு பையன் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தான்.

அந்த சோஃபாவை யாரும் பிளாக்கில் விற்கவில்லை. விற்றிருந்தால்கூட ஒரு ஆள் உட்கார்ந்து கேட்டிருப்பான் என்று அன்றைக்குத் தோன்றியது. கணக்குப்பிள்ளை சந்தோஷப்படுவார்.

கணக்குப்பிள்ளை

மாமிக்கு ஒரு கும்பிடு.

மேடைக்குப் பின்னால்

ரொம்ப நாளாக இந்தக் குழுவில் படிக்க மட்டும் வருபவன். நிகழ்ச்சி ஏற்பாட்டுத் தொழிலில் பதினோரு வருடம். இப்போது வேறு வேலை, அதனால் எழுதலாம்.

பெரம்பூர்க்காரன் கேட்ட "ஆறு எப்படி வந்தது" என்பதுதான் இந்த இழையிலேயே முக்கியமான கேள்வி. எல்லோரும் அதைத் தாண்டி விலைக்குப் போய்விட்டீர்கள்.

ஒரு அரங்கில் 10,000 இருக்கை என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பத்தாயிரமும் காலை 11 மணிக்கு உங்களுக்காகத் திறக்கும் என்று நினைக்கிறீர்கள். திறக்காது. முதலில் ஸ்பான்சர். பேனரில் பேர் போட்டுக் காசு கொடுப்பவர் ஒரு கட்டு பாஸ் கேட்பார், ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கும். அடுத்து ஒரு வங்கி அல்லது கார்டு நிறுவனம், அவர்களுடைய வாடிக்கையாளர்களுக்கு முன்கூட்டிய விற்பனை. அடுத்து இடத்துக்காரர். அடுத்து கலைஞர் தரப்பு. அடுத்து, அனுமதிக் கையெழுத்துக்காக நாம் ஏறி இறங்கும் ஒவ்வொரு படிக்கட்டிலும் "வீட்டில் பசங்க கேட்கிறாங்க". அடுத்து ஊடகம். மேடை எந்தக் கோணத்தில் வரும் என்று தெரியாததால் விற்காமல் நிறுத்திவைக்கும் இருக்கைகள் வேறு. அவை கடைசி நேரத்தில் வரும். எல்லாம் போக மிச்சம்தான் 11 மணிக்கு.

எவ்வளவு மிச்சம்? நம் ஊரில் யாரும் வெளியே சொல்வதில்லை. தவசி சொன்ன அதே நியூயார்க் அறிக்கையில் ஒரு கணக்கு இருக்கிறது. அவர்கள் ஆராய்ந்த பெரிய நிகழ்ச்சிகளில் சராசரியாக 46 சதவீத டிக்கெட்தான் பொது விற்பனைக்கு வந்தது. 38 சதவீதம் முன்விற்பனை, 16 சதவீதம் உள்வட்டத்துக்கு ஒதுக்கீடு. பாதிக்கு மேல் கடை திறப்பதற்கு முன்பே பேசி முடிந்துவிட்டது.

இன்னொன்றும் உண்டு. ரசிகர்கள் எல்லாம் பிளாக்கில் விற்பவனைத் திட்டிக்கொண்டிருக்கும்போது, மெட்டாலிகா என்ற ராக் குழுவின் நிகழ்ச்சிகளுக்கான பல்லாயிரம் டிக்கெட்டுகளை ஏற்பாட்டாளரே நேராக மறுவிற்பனைத் தளத்தில் போட்ட கதை 2019-இல் வெளிவந்தது. சில கலைஞர்களுக்கு அப்படிச் செய்து கொடுத்ததாக அந்த ஏற்பாட்டு நிறுவனமான லைவ் நேஷன் ஒப்புக்கொண்டது. விலையை நேரடியாக உயர்த்தினால் ரசிகன் கலைஞரைத் திட்டுவான். பிளாக் மாதிரி காட்டினால் பிளாக்கைத் திட்டுவான். கணக்குப்பிள்ளை சொன்ன 7,000 சில சமயம் போகவேண்டிய இடத்துக்கே போகிறது, முகமூடி போட்டுக்கொண்டு.

ஆக என் கட்சி இதுதான். 2,000 நியாயமா 9,000 நியாயமா என்று சண்டை போடுவதற்கு முன்னால், "மொத்தம் இத்தனை இருக்கை, இன்று பொது விற்பனையில் இத்தனை" என்று விற்பனைப் பக்கத்தில் ஒரே ஒரு வரி போடச் சொல்லுங்கள். கல்யாண மண்டபத்தில்கூட எத்தனை பந்தி என்று சமையல்காரருக்குச் சொல்கிறோம்.

பெரம்பூர்க்காரன்

அப்படியென்றால் 61 ஆயிரமாவது ஆளாக நான் நின்றதே வீண். வரிசையில் இத்தனை பேருக்குத்தான் கிடைக்கும் என்று தெரிந்திருந்தால் வேலையைப் பார்த்திருப்பேன். மச்சானும் மேனேஜரிடம் மாட்டியிருக்க மாட்டான்.

ரொறன்ரோ ராசா

வணக்கம். யாழ்ப்பாணத்தில் பிறந்து முப்பது வருசமாகக் கனடாவில் இருக்கிறன். இங்க நம்மட ஆக்கள் கூடுகிற இந்தியக் கலைஞர்களின் நிகழ்ச்சிகளுக்கும் இதே பிரச்சினைதான். அரங்கு பெரிசு, ரிக்கெற் டொலரில், ஆனால் கதை ஒன்று.

ஒன்ராறியோ மாகாணத்தில் 2017-இல் ஒரு சட்டம் போட்டவை. மறுவிற்பனை விலை முதல் விலையை விட 50 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது எண்டு. நல்லது எண்டு நினைச்சம். 2018-இல் ஆட்சி மாறினது. அந்தப் பகுதி நடைமுறைக்கு வர முன்னமே நிறுத்திவிட்டினம், பிறகு நீக்கியும் விட்டினம். நடைமுறைப்படுத்த ஏலாது எண்டது அவையின்ர காரணம்.

ஆனால் அயர்லாந்துக்காரர் செய்து காட்டியிருக்கினம். 2021-இல் வந்த சட்டம், ஆயிரம் பேரும் அதுக்கு மேலும் கொள்ளும் இடங்களில் நடக்கிற நிகழ்ச்சிக்கு வாங்கின விலைக்கு மேல விற்கிறதே குற்றம். பிரித்தானியாவும் அதே வழியில போகப்போவதாக 2025 நவம்பரில் அறிவிச்சது. ஜப்பானில் 2019 ஜூனிலிருந்து சட்டம் இருக்கு.

கணக்குப்பிள்ளை

ராசா அண்ணை, விலைக்கு உச்சவரம்பு போட்டால் என்ன ஆகும் என்று தமிழ்நாட்டுக்காரனுக்குத் தெரியாதா? சினிமா டிக்கெட்டுக்கு இங்கே எப்போதும் அரசு உச்சவரம்புதான். 2017 அக்டோபரில் உயர்த்தியபோதுகூட மல்டிபிளெக்ஸுக்கு வரி நீங்கலாக 150 ரூபாய். முதல் நாள் அந்த விலைக்கு நீங்கள் படம் பார்த்திருக்கிறீர்களா? சட்டத்தில் 150 இருக்கும், வாசலில் சட்டம் இருக்காது.

மார்கழி மாமி

முதல் நாளை விடுங்கள். இரண்டாவது வாரம் அதே விலைக்குக் குடும்பத்தோடு போகிறோமா இல்லையா? பக்கத்து மாநிலங்களில் கொடுக்கும் காசைக் கேட்டால் தலை சுற்றுகிறது. உச்சவரம்பு முதல் நாள் ரசிகனுக்காகப் போட்டது இல்லை, எங்களை மாதிரி ஆட்களுக்கு.

கணக்குப்பிள்ளை

ஒப்புக்கொள்கிறேன் மாமி. ஆனால் கச்சேரிக்கு இரண்டாவது வாரம் கிடையாது. ஒரே ராத்திரி. சினிமா விதியை அங்கே ஒட்டவைக்க முடியாது என்பதுதான் நான் சொல்வது.

சேப்பாக்கம் டி ஸ்டாண்ட்

அண்ணே, நீங்கள் சொன்ன விலை ஏற்றத்தை பிரிட்டனின் ஓயாசிஸ் இசைக்குழு செய்து பார்த்ததே. 2024-இல் 148 பவுண்ட் என்று நினைத்து மணிக்கணக்கில் வரிசையில் நின்றவர்கள் முன்னால் போனபோது 355 பவுண்ட். நிமிடத்துக்கு நிமிடம் ஏறும் விலை. ஆட்டோ மீட்டர் சூடு வைத்த கதை.

மேடைக்குப் பின்னால்

ஒரு சின்னத் திருத்தம் தம்பி. எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள், நானும்தான். பிரிட்டனின் போட்டி மற்றும் சந்தை ஆணையம் விசாரித்தபோது தெரிந்தது, அது தானாக ஏறும் விலை இல்லை. நிற்கும் இடத்துக்கு இரண்டு விலை வைத்திருந்தார்கள். குறைந்த விலை தீர்ந்ததும் கூடிய விலையைத் திறந்தார்கள். வரிசையில் நின்றவர்களுக்கு மட்டும் அதைச் சொல்லவில்லை. 2025 செப்டம்பரில் ஆணையத்திடம் டிக்கெட்மாஸ்டர் சில உறுதிமொழிகள் கொடுத்தது. அதில் ஒன்று, இப்படிப் படிப்படியான விலை இருந்தால் 24 மணி நேரம் முன்பே சொல்லிவிடுவது.

மறுபடியும் பாருங்கள். அந்த 355-ஐக்கூட ஜனங்கள் பொறுத்திருப்பார்கள். ஒளித்ததுதான் எரிச்சல்.

தட்கல் தவசி

குலுக்கலைப் பற்றி யாரும் பேசவில்லையே? திருமலையில் சுப்ரபாதம், தோமாலை, அர்ச்சனை சேவைகளுக்கு ஆன்லைனில் பதிவு செய்தால் எலெக்ட்ரானிக் குலுக்கல்தான். வந்தால் பெருமாள் கூப்பிட்டார், வராவிட்டால் இன்னும் கூப்பிடவில்லை. எங்கள் அம்மா நாலு வருடமாகப் போடுகிறாள். ஒரு தடவைகூடத் தேவஸ்தானத்தைத் திட்டியதில்லை. பத்து மணிக்குத் திறக்கும் 300 ரூபாய் தரிசனத்துக்கு மட்டும் என்னைத் திட்டுவாள், விரல் வேகம் பத்தவில்லை என்று.

வேகப் போட்டி இல்லை என்றால் மென்பொருளுக்கு வேலை இல்லை. அரை நாள் பதிவுக்குத் திறந்து வைத்து, அப்புறம் குலுக்கலாம். ஜப்பானில் கச்சேரிகளுக்குக் குலுக்கல் சர்வ சாதாரணம்.

சும்மா ஒருத்தன்

குலுக்கலில் எனக்கு விழுந்து, அன்றைக்குக் காய்ச்சல் வந்தால்? ஆதாரோடு ஒட்டிவிட்டால் தம்பிக்குக்கூடக் கொடுக்க முடியாதே.

ரொறன்ரோ ராசா

அதுக்கும் வழி இருக்கு. இங்கிலாந்தில் கிளாஸ்டன்பரி இசை விழாவுக்குத் தங்கட புகைப்படம் குடுத்துப் பதிவு செய்தால்தான் ரிக்கெற். இன்னொருவருக்கு மாத்த ஏலாது. வர ஏலாதவை திருப்பிக் குடுக்கலாம், வசந்த காலத்தில் அதை மறுபடி விற்கினம், அதே விலைக்கு. விம்பிள்டன் டென்னிசில் இன்னும் நல்ல ஏற்பாடு. நேரத்தோட கிளம்புகிறவை ரிக்கெற்றைத் திருப்பிக் குடுத்துப் போகலாம், அது வெளியில வரிசையில் நிக்கிறவைக்குக் குறைஞ்ச விலைக்குப் போகும். அந்தக் காசு தர்மத்துக்கு.

மார்கழி மாமி

ஐயோ, இது சபாவுக்கு வந்தால்! கச்சேரி முடிவில் சின்னச் சின்னப் பாட்டுகளான துக்கடா ஆரம்பித்ததும் எழுந்து போகிறவர்களிடம் வாசலிலேயே வாங்கி அந்தப் பையனிடம் கொடுத்திருக்கலாம். ஆனால் சபாவில் பாதிப்பேர் எழுந்து போவது கேன்டீனுக்கு. திரும்பி வருவார்கள், சண்டையாகிவிடும்.

மேடைக்குப் பின்னால்

திருப்பி வாங்கும் முறைக்கு ஏற்பாட்டாளர்கள் ஏன் ஒத்துக்கொள்வதில்லை என்றும் சொல்லிவிடுகிறேன். விற்ற டிக்கெட் காசு முன்கூட்டியே கையில் இருந்தால்தான் மேடைக்காரருக்கும் ஒலிக்காரருக்கும் அட்வான்ஸ் கொடுக்க முடியும். பெரும்பாலான சின்ன கம்பெனிகள் அந்தக் காசில்தான் ஓடுகின்றன. திரும்பக் கொடு என்றால் கையில் இருக்காது. பேராசை இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பேராசை பாதி, பயம் பாதி.

வரியையும் பாருங்கள். 1,000 ரூபாய் கச்சேரி டிக்கெட்டில் ஜிஎஸ்டி போனால் கையில் 847. ஐபிஎல் என்றால் 2025 செப்டம்பர் 22-இலிருந்து 40 சதவீதம், முன்பு 28. டி ஸ்டாண்ட் தம்பிக்கு இது தெரிந்திருக்கும்.

சேப்பாக்கம் டி ஸ்டாண்ட்

தெரியும் அண்ணே. ஞாபகப்படுத்தாதீர்கள்.

தட்கல் தவசி

ஒன்று விட்டுப்போனது. குறைவாகத் திறப்பது ஒரு தவறு என்றால், இருப்பதைவிட அதிகமாக விற்பது அதைவிட மோசம். 2023 செப்டம்பர் 10 சென்னையை அடுத்த பனையூரில் ஏ.ஆர். ரஹ்மான் நிகழ்ச்சி அன்று ஈசிஆரில் (கிழக்குக் கடற்கரைச் சாலை) நடந்தது ஊருக்கே தெரியும். கையில் டிக்கெட் இருந்தும் உள்ளே போக முடியாமல் எத்தனையோ பேர் திரும்பினார்கள். ரஹ்மான் மன்னிப்புக் கேட்டுப் பணம் திருப்பித் தர ஏற்பாடு செய்தார். இருக்கை எண்ணிக்கையை வெளியே சொல்லும் வழக்கம் இருந்தால் அந்தக் கேள்வியை முந்தின வாரமே யாராவது கேட்டிருப்பார்கள்.

கணக்குப்பிள்ளை

சரி, ஒரு படி இறங்கி வருகிறேன். எண்ணிக்கையைச் சொல்லட்டும். பாதி குலுக்கலில், அடையாள அட்டையோடு, குறைந்த விலையில். மீதி சந்தை விலையில், யார் எவ்வளவு கொடுக்கிறார்களோ அந்த விலைக்கு. முடிந்தால் இன்னொரு நாள் நிகழ்ச்சி. கோல்ட்பிளே அகமதாபாத்தில் ஒரு லட்சத்துக்கு மேல் கொள்ளும் மைதானத்தில் இரண்டு நாள் வைத்தார்களே, பிளாக் விலையைச் சாய்க்க எந்தச் சட்டத்தையும்விட அது நல்ல மருந்து. ஆனால் மேடையில் நிற்கும் மனிதருக்குத் தொண்டை ஒன்றுதான், அதையும் யோசிக்க வேண்டும்.

பெரம்பூர்க்காரன்

மூன்று வாரம் கழித்து வருகிறேன். அப்டேட்.

வாட்ஸப் ஆளிடம் விஷயத்தைக் கறந்துவிட்டேன். லிஃப்டில் சிக்கினார். அவர் வரிசையிலேயே நிற்கவில்லை. அவர் வேலை செய்யும் கம்பெனி அந்த நிகழ்ச்சிக்கு ஸ்பான்சராம். ஊழியர்களுக்கு என்று வந்த பாஸ். பாஸைப் போனில் படமாகக் காட்டினார். கீழே சின்ன எழுத்தில் "விற்பனைக்கு அல்ல" என்று அச்சடித்திருக்கிறது.

9,000 என்று சொன்னார் அல்லவா, இரண்டு போனது. மூன்றாவது வாரம் 5,000 ஆக்கினார். நிகழ்ச்சிக்கு முந்தின நாள் 2,500. அன்று மத்தியானம் 1,200, அதுவும் "யாராவது வாங்கிக்கொள்ளுங்கள்" என்று கைகூப்பும் பொம்மையோடு.

கணக்குப்பிள்ளை

சந்தை தன் வேலையைச் செய்திருக்கிறது.

மேடைக்குப் பின்னால்

அது சந்தை இல்லை சார். ஓசியில் வந்த பாஸ்.

சும்மா ஒருத்தன்

பெரம்பூர் அண்ணே, கேட்கக் கூடாது, ஆனாலும் கேட்கிறேன். 1,200 ஆனதும் நீங்கள் என்ன செய்தீர்கள்?

பெரம்பூர்க்காரன்

மச்சான் இரண்டு வாங்கிவிட்டான். எனக்கு ஒன்று, அவனுக்கு ஒன்று. யாரும் திட்ட வேண்டாம்.

மார்கழி மாமி

திட்டவில்லை. எங்கே உட்கார வைத்தார்கள்?

பெரம்பூர்க்காரன்

முன்னால். மாமி, சோஃபா. வரிசையில் பாதி காலி.

மார்கழி மாமி

அட்டை இருந்ததா?

பெரம்பூர்க்காரன்

இருந்தது. மச்சான் அதை எடுத்துக் கீழே போட்டுவிட்டு உட்கார்ந்தான்.

நெறியாளர்

இழை திறந்தே இருக்கும். கைவசம் டிக்கெட் இருக்கிறது என்று எழுதிய மூன்று பதிவுகளை நீக்கியிருக்கிறேன். அதில் ஒன்று கணக்குப்பிள்ளையுடையது.